நாற்பத்தொரு தரம்

ஏகாம்பரம் வீதியில் மருந்துக்கடைக்கு மேல்
பதினொரு பேர், ஒன்பது கதிரை,
சுவரில் ஒரு பெரிய திரை.
எங்கள் வாடிக்கையாளர் எல்லோரும்
அதில் நிறங்களாக இருந்தார்கள்.
பச்சை என்றால் சுகம்.
மஞ்சள் என்றால் அழைத்துப் பேசு.
சிவப்பு என்றால் என்னிடம் வா.

கிண்ணியா உதுமாலெவ்வை மீன்வாடி
எட்டு மாதமாகப் பச்சை,
கச்சான் காற்றுக்கும் கருகாத பச்சை.
நாளுக்கு நாற்பத்தொரு தரம் உள்நுழைவு.
சிங்கப்பூரில் எங்கோ ஒரு குளிரறையில்
அவருடைய சூரையும் பாரையும்
கிலோக்கணக்கில் பத்திரமாகக் கிடந்தன.
கொழும்பு முதலீட்டுக்காரருக்கு நான் காட்டிய
ஏழாவது படம் அவர்தான்:
'பாருங்கள், நாங்கள் இல்லாமல் இவர்களுக்கு ஏலாது.'

திங்கள் காலை ஒரு வரி வந்தது.
'அடுத்த மாசம் தொடக்கம் வேணாம் மகள், கோவிச்சிராதீங்க.'

விலையைக் குறைப்போம் என்றான் யதுர்ஷன்.
இரண்டு மாதம் இலவசம் என்றாள் சாருகா.
இரண்டுமே
நான் சொல்லிக்கொடுத்த விடைகள்.

மறுநாள் சாமம் மூன்று மணிக்கு
ஸ்கூட்டியை எடுத்தேன்.
தெருவிளக்கின் கீழ் படுத்திருந்த மான்கள்
எழும்பி வழிவிட்டன.
சீனன்குடா தாண்டி, பாலம் ஏறும்போது
கைபேசியில் நான்கு கோடு.
இறங்கும்போது ஒன்று.
வாடி வாசலில்
ஒன்றுமில்லை.

ஐஸ் உடைக்கும் சத்தம்.
தராசடியில் ஒருவன் கூவுகிறான்:
'அறுக்குளா பதினேழரை!'
சிபானா அதைச் சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறாள்.
பிறகு கொப்பியோடு படலைக்கு ஓடி
கவிழ்த்த மீன்பெட்டியில் ஏறி
கையை உயர்த்துகிறாள், கைபேசியோடு,
பஸ்ஸை மறிப்பவள் போல.
ஒரு கோடு வருகிறது.
கடவுச்சொல் கேட்கிறது, கொடுக்கிறாள்.
பதினேழரையில் அரை விழுமுன்
'மீண்டும் உள்நுழையவும்.'

ஐந்து நிமிடம் அசையாவிட்டால் வெளியே தள்ளு,
இணைப்பு அறுந்தாலும் தள்ளு,
பாதுகாப்பு முக்கியம்
என்று கட்டளை போட்டது நான்தான்,
மின்விசிறிக்குக் கீழே இருந்து.

விடியுமுன் பத்தொன்பது தரம். எண்ணினேன்.
'இத்தனை தரம் கதவத் தட்டினா
உள்ளுக்கு இருக்கிறவங்க என்ன நெனப்பாங்க, மேடம்?'
சிரித்தாள்.
அன்பு என்று நினைத்தோம், சிபானா.
அதை வரைபடமாக்கி
கொழும்புக்குக் கொண்டுபோனோம்.

உதுமாலெவ்வை பிளேன்டீ தந்தார்.
'எல்லாம் முகில்ல இருக்கு எண்டு சொன்னீங்க.
முகிலெண்டா எங்கட தலைக்கு மேலயும்
ஒரு துண்டு வரோணுமே.'
குத்திச் சொல்லவில்லை.
சீனி போதுமா என்று கேட்ட அதே குரல்.

இருபத்து மூன்று நாள்.
சிக்னல் போனாலும் மறக்காமல்
எழுதியதைக் கைபேசியே வைத்திருந்து
வந்ததும் அனுப்பப் பழக்கினோம்.
அவ்வளவுதான். பெரிய வித்தை இல்லை.
முதல் நாளே செய்திருக்கலாம்.
அந்த மாதம் அவரிடம் காசு வாங்கவில்லை,
அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவுமில்லை.
முதலீட்டுக்காரரிடம் ஏழாவது படம் பிழை என்றேன்.
தொலைபேசியில் நெடுநேரம் ஒரு இருமல் மட்டும் கேட்டது.

வியாழன் காலை யதுர்ஷன் கத்தினான்:
'அக்கா, கிண்ணியா சிவப்பு!'
நாற்பத்தொன்று இருந்த இடத்தில்
இன்றைக்கு ஒன்று.
எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அழைத்தேன். எடுக்கவில்லை.
இன்னொரு தரம்.
நித்திரைக் குரலில் சிபானா:
'வேல முடிஞ்சி வந்து படுத்திட்டன் மேடம்.
ஏதும் பிரச்சினையா?'

இல்லை என்றேன். படுங்க.

அடுத்த மாதம் பற்றி உதுமாலெவ்வை
இன்னும் வாய் திறக்கவில்லை.
சுவரில் அந்தச் சிவப்பு இருக்கிறது.
மாற்றவா என்று சாருகா கேட்டாள்.
இருக்கட்டும் என்றேன்.